தப்பு, தவறு, பிழை: குறி விலகிய மூன்று சொற்கள்

கேட்கப்பட்டவை மூன்று. ‘தப்பு’ தமிழ்ச்சொல்தானா, இல்லை தெலுங்கிலிருந்து வந்ததா? ‘தெரியாமல் செய்தால் தவறு, தெரிந்து செய்தால் தப்பு’ என்கிறார்களே, அது சரியா? தப்பு செய்தவனையும் உயிர் தப்பியவனையும் ஒரே சொல்லால் எப்படிக் குறிக்கிறோம்?

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது.

‘விபத்தில் அவர் தப்பிவிட்டார்’ என்றால் ஆள் உயிரோடு இருக்கிறார். ‘விபத்தில் அவர் தவறிவிட்டார்’ என்றால் இறந்துவிட்டார். தப்பும் தவறும் ஒன்றுதான் என்று அகராதியைப் பார்த்துத் தமிழ் கற்கும் ஒருவர் இந்த இரண்டு வாக்கியத்தில் எதை எங்கே சொல்வது என்று தெரியாமல் திணறிப்போவார். நமக்கோ இதில் ஒரு முரண் இருப்பதே கண்ணில் படுவதில்லை. இதோடு ‘பிழை’யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘பிழை’ என்றால் குற்றம். ‘பிழைத்தான்’ என்றால் சாகவில்லை. ‘பிழைப்பு’ என்றால் வயிற்றுப்பாடு. இவை ஒலியில் தற்செயலாக ஒத்துப்போன வேறு வேறு சொற்கள் என்று சிலர் விளக்குவதுண்டு. அப்படி இல்லை. ஒவ்வொன்றும் ஒரே சொல்தான்.

பெயர்ச்சொல்லாக நிற்கும்வரை மூன்றும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கின்றன. கணக்கில் தப்பு, கணக்கில் தவறு, கணக்கில் பிழை: மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லலாம். வினையாக்கியதும் மூன்றும் மூன்று திசையில் பிரிந்து போகின்றன. தப்பினான் என்றால் ஆபத்திலிருந்து விலகினான். பிழைத்தான் என்றால் உயிர் மிஞ்சினான். வாக்குத் தவறினான் என்றால் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டான். ‘நேற்று நான் பிழைத்தேன், மன்னித்துவிடுங்கள்’ என்று இன்று யாரும் சொல்ல முடியாது. ‘பிழை செய்தேன்’ என்று துணைக்கு ஒரு வினையைக் கூட்டிக்கொண்டுதான் வர வேண்டும். ஏனென்றால் ‘பிழைத்தேன்’ என்ற வடிவத்தை உயிர்வாழ்வது என்ற பொருள் முழுதாக எடுத்துக்கொண்டுவிட்டது. தப்பிலும் அதே நிலைதான்: ‘தப்பினேன்’ வேறு, ‘தப்பு செய்தேன்’ வேறு.

இந்தப் பிரிவு எப்படி ஏற்பட்டது என்பதற்கு என் கண்ணில் மிகச் சிறந்த சான்று ஒரு குறள்தான். படைச்செருக்கு அதிகாரத்தில் வருவது, 772:

கான முயலெய்த அம்பினில் யானை
பிழைத்தவேல் ஏந்தல் இனிது.

காட்டு முயல் மேல் தைத்த அம்பைவிட, யானை மேல் எறிந்து குறி தவறிய வேலைக் கையில் ஏந்துவது இனிது. பள்ளியில் இதை வீரத்துக்கும் பெருமுயற்சிக்கும் எடுத்துக்காட்டாகப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சொல்லாராய்ச்சி செய்பவனுக்கு இதில் வேறொரு புதையல் இருக்கிறது. ‘யானை பிழைத்த வேல்’ என்பதில் பிழைத்தது எது? வேல்தான். வேல் யானையைப் பிழைத்தது, அதாவது அதன் மேல் படாமல் போனது. எறிந்தவன் பக்கம் நின்று பார்த்தால் அது குறைபாடு, கை பிசகிவிட்டது. யானையின் பக்கம் நின்று பார்த்தால்? இன்றைய தமிழில் யானை பிழைத்தது! ஒரே வேல், ஒரே எறிதல். எறிந்தவனுக்குப் பிழை, யானைக்குப் பிழைப்பு.

அடிப்படைப் பொருள் ‘படாமல் போவது’, ‘குறி விலகுவது’ என்று வைத்துக்கொண்டால் எல்லாமே ஒழுங்காக விளங்கிவிடும். எய்தவன் விலகவிட்டால் குற்றம். எய்யப்பட்டவனை விட்டு விலகினால் உயிர். குறி விலகியதால் உயிர் மிஞ்சி, உயிர் மிஞ்சியதால் வாழ்ந்து, வாழ்வதற்கு வழி தேடி, கடைசியில் ‘பிழைப்பைப் பார்’ என்பது வரை சொல் நடந்து வந்திருக்கிறது. ‘பிழைக்கத் தெரிந்தவன்’ என்று ஒருவரை நாம் அரைப் பாராட்டும் அரைக் கேலியுமாகச் சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள் ஒரு வேல் பறந்துபோன தடம் இன்னும் இருக்கிறது.

தப்புக்கும் இதே வரைபடம்தான். ‘தாளம் தப்பியது’, ‘வழி தப்பிய ஆடு’, ‘மழை தப்பிவிட்டது’, ‘நினைவு தப்பியது’ என்று பழகிய வழக்குகளை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். எதிலும் குற்றம் செய்தவன் என்று யாருமில்லை. இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இல்லை, வர வேண்டிய நேரத்தில் வரவில்லை, அவ்வளவுதான். ‘தப்பாமல் வருவான்’ என்றால் குற்றமின்றி வருவான் என்று பொருளில்லை; ஒரு நாளும் விடாமல் வருவான் என்று பொருள். ‘தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்’ என்ற பழமொழியில் தலையை எதுவோ படாமல் கடந்துபோயிருக்கிறது. நாம் ‘செய்யும்’ தப்பு இந்த விலகலிலிருந்து கிளைத்த ஒரு பொருள்.

தவறும் அப்படியே. குறி தவறியது, கால் தவறியது, கை தவறியது, பருவம் தவறியது. ஆனால் தவறு மற்ற இரண்டும் போன வழியில் போகவில்லை. தப்பும் பிழையும் எய்யப்பட்டவன் பக்கம் சாய்ந்து உயிர் பிழைப்பதைக் குறித்தன. தவறு இழந்தவன் பக்கம் சாய்ந்தது. பையைத் தவறவிட்டேன், வாய்ப்பைத் தவறவிட்டேன், கடைசியில் மனிதரே தவறிவிட்டார். கைப்பிடியிலிருந்து நழுவியது என்ற பொருளில்தான் சாவுக்கு அந்த மங்கலச் சொல் வந்தது. எனவே ‘தப்பிவிட்டார்’, ‘தவறிவிட்டார்’ இரண்டும் ஒரே விலகலின் இரண்டு கரைகள்.

தமிழில் இரண்டு கூட்டுச் சொற்களை எனக்கு எப்போதும் பிடிக்கும். ஒன்று ‘தப்பிப் பிழைத்தான்’. தனித்தனியே எடுத்தால் இரண்டும் குற்றத்தைக் குறிக்கும் சொற்களின் வினைகள். சேர்ந்தால் குற்றத்தின் நிழல்கூட இல்லை. மற்றொன்று ‘தப்பித் தவறி’. இதில் தப்பும் தவறும் சேர்ந்து ‘தற்செயலாக’ என்று ஆகிவிடுகின்றன. ‘தப்பித் தவறிக்கூட அந்தப் பக்கம் போகாதே’ என்கிறோம். விலகி விலகி வழி மாறி அங்கே போய்விடாதே என்பதுதான் சொல்லுக்குச் சொல் பொருள். இதே இரண்டையும் பெயராக்கி ‘தப்பும் தவறுமாக எழுதியிருக்கிறான்’ என்றால் மட்டும் மறுபடி குற்றம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வினை பழைய பொருளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது, பெயர் புதிய பொருளுக்குப் போய்விட்டது என்று நான் சொல்வது இதைத்தான்.

பழைய நூல்களில் பெயரும் வினையும் இப்படிப் பிரியவில்லை. குறள் 896-ஐப் பாருங்கள்: ‘எரியால் சுடப்படினும் உய்வுண்டாம் உய்யார் பெரியார்ப் பிழைத்தொழுகு வார்.’ நெருப்பில் சுடப்பட்டாலும் தப்பலாம். பெரியவர்களுக்குக் குற்றம் இழைத்தவர் தப்பமாட்டார். இங்கே ‘பிழைத்து’ என்பது குற்றம் இழைத்து. உயிர் மிஞ்சுவதற்கு வள்ளுவர் ‘உய்தல்’ என்ற வேறு சொல்லை வைத்திருக்கிறார். இன்றைய பேச்சில் இதே குறளைச் சொன்னால் வேடிக்கையாக இருக்கும்: தீயில் விழுந்தாலும் பிழைக்கலாம், பெரியவரைப் பிழைத்தவன் பிழைக்கமாட்டான்!

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் சொல்லும் கடைசிச் சொற்களில் இந்த வினை வருகிறது. கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததைக் கண்டதும் ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்கிறான். அடுத்து வருவது: ‘மன்பதை காக்கும் தென்புலம் காவல் என்முதல் பிழைத்தது, கெடுகவென் ஆயுள்.’ பிழைத்தது என்ற வினைக்கு எழுவாய் எது என்று கவனியுங்கள். ‘நான் பிழை செய்தேன்’ என்று அவன் சொல்லவில்லை. காவல் பிழைத்தது. தலைமுறை தலைமுறையாகக் குறி தவறாமல் வந்த ஒரு காவல் என்னிடத்தில் வந்து விலகிவிட்டது என்கிறான். தன் பொறுப்பைக் குறைத்துக்கொள்ளும் பேச்சு இல்லை இது. தான் செய்த ஒரு செயலைவிடப் பெரிய ஒன்று தன்னால் அறுந்தது என்று ஒப்புக்கொள்கிறான். காப்பியத்தின் பதிகத்தில் வரும் ‘அரசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று ஆவதூஉம்’ என்ற அடியிலும் அதே வினைதான்.

பட்டினத்தார் பாடல் ஒன்றும் இங்கே உதவுகிறது. ‘கல்லாப் பிழையும் கருதாப் பிழையும்’ என்று தொடங்கி ‘எல்லாப் பிழையும் பொறுத்தருள்வாய் கச்சி ஏகம்பனே’ என்று முடிவது. நடுவில் அவர் அடுக்கும் பிழைகளைப் பாருங்கள்: கல்லாதது, கருதாதது, கசிந்துருகி நில்லாதது, நினையாதது, ஐந்தெழுத்தைச் சொல்லாதது, துதியாதது, தொழாதது. எல்லாமே எதிர்மறை. கொன்றேன், களவு செய்தேன், பொய் சொன்னேன் என்று ஒன்றும் இல்லை. செய்ய வேண்டியது செய்யப்படாமல் போனதே பிழை. சொல்லின் பழைய பொருளை இதைவிடச் சுத்தமாக யாரும் எடுத்துக் காட்டிவிட முடியாது.

இனித் தெலுங்குக் கேள்வி. தெலுங்கில் தப்பு அன்றாடச் சொல் என்பதாலும், நம் செய்யுள் நடையும் மேடை நடையும் ‘தவறு’, ‘பிழை’ ஆகியவற்றையே விரும்புவதாலும் தப்பு அங்கிருந்து இறங்கியது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதற்கு ஆதாரமில்லை. மொழியியலாளர்கள் பர்ரோவும் எமனோவும் சேர்ந்து 1961-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதி இதைத் தமிழ், கன்னடம், தெலுங்கு முதலிய மொழிகளுக்குப் பொதுவான சொல்லாகவே ஒரே பதிவில் வைக்கிறது. அகராதியை விட்டுவிட்டு வழக்கைப் பார்த்தாலும் அதே முடிவுதான் வரும். தெலுங்கில் ‘தப்பு’ குற்றம்; ‘தப்பிபோயின’ பிள்ளை காணாமற்போன பிள்ளை; ‘தப்பது’ என்றால் விலக்க முடியாது, நடந்தே தீரும்; ‘தப்பகுண்டா’ என்றால் தவறாமல். கன்னடத்திலும் ‘தப்பு’ குற்றம், ‘தப்பதே’ தவறாமல், ‘தப்பிஸிகொள்ளு’ தப்பித்துக்கொள். குற்றம், விலகல், தப்பித்தல் என்ற மூன்று பொருளும் மூன்று மொழியிலும் ஒன்றாகவே இருக்கின்றன. கடன் வாங்கிய சொல் பெரும்பாலும் இப்படிக் குடும்பத்தோடு வருவதில்லை. ஏதாவது ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு வரும். ‘கலெக்டர்’ என்ற சொல்லை நாம் எடுத்துக்கொண்டபோது மாவட்ட ஆட்சியரை மட்டும்தான் எடுத்துக்கொண்டோம். தபால்தலை சேகரிப்பவரை யாரும் கலெக்டர் என்பதில்லை. ஆகவே தப்பு கடன் இல்லை, பங்காளிச் சொத்து.

மலையாளத்தில் அன்றாடச் சொல் ‘தெற்று’. நமக்கு அது ‘தெற்றுப்பல்’லில் மிச்சமிருக்கிறது: வரிசையிலிருந்து விலகிய பல். அங்கே ‘வழி தெற்றி’ என்றால் இங்கே ‘வழி தவறி’. மறுபடி விலகல்தான். ஆனால் மலையாளத்தில் எனக்கு அதிக ஆர்வம் தருவது ‘பிழ’. நாம் இழந்துவிட்ட வினைப்பொருளை அவர்கள் இழக்கவில்லை. கணக்குப் போட்டது பொய்த்தால் ‘கணக்குக்கூட்டல் பிழச்சு’ என்பார்கள், கால் இடறினால் ‘சுவடு பிழச்சு’ என்பார்கள். வாழ்ந்து காலந்தள்ளுவதற்கும் அதே வினைதான். பெயராக வரும் ‘பிழ’வோ அபராதத் தொகையைக் குறிக்கிறது. போக்குவரத்து விதியை மீறியவர் அங்கே கட்டுவது பிழ.

அபராதம் என்று எழுதியதும் நிறுத்த வேண்டியிருக்கிறது. இது வடசொல். நமக்கு இன்று அதன் பொருள் தண்டத்தொகை. வடமொழியில் அபராதம் என்றால் குற்றம். அதற்கும் அடியில் போனால் ‘அப-ராத்’ என்ற வினை குறி தவறுவதைக் குறிக்கிறது. அம்பு இலக்கை விட்டு விலகிப்போன வில்லாளிக்கு அமரகோசம் என்ற வடமொழி நிகண்டு தரும் பெயரே ‘அபராத்தப்ருஷத்கன்’. குறி தவறியது குற்றமாகி, குற்றம் தண்டத்தொகையாகி ரசீதுப் புத்தகத்துக்கு வந்திருக்கிறது. தொடர்பில்லாத இரண்டு வேர்கள், பிழையும் அபராதமும், ஒரே இடத்தில் கிளம்பி ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன.

கிரேக்கத்தில் ‘ஹமார்தியா’. துன்பியல் நாடகத்தின் நாயகன் வீழ்வதற்குக் காரணமான பிழையை அரிஸ்டாட்டில் இந்தச் சொல்லால் குறித்தார். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் பாவத்துக்கும் இதுவே சொல். ஆனால் ஹோமரின் இலியத்தில் இதன் வினை வருவது போர்க்களத்தில், எறிந்த ஈட்டி ஆள் மேல் படாமல் போகும் இடங்களில். எபிரேயத்தில் பாவம் செய்வதைக் குறிக்கும் வினையும் அப்படித்தான். நியாயாதிபதிகள் புத்தகம் 20-ஆம் அதிகாரத்தில் இடதுகைப் பழக்கமுள்ள 700 கவண் வீரர்கள் வருகிறார்கள். மயிரிழையும் குறி தவறாமல் கல் எறிபவர்கள். அந்த ‘தவறாமல்’ என்பதற்கு மூலத்தில் நிற்பது பாவத்துக்கான அதே வினை. தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் ‘தப்பாதபடிக்கு’ என்று பெயர்த்திருப்பது மிக அழகாகப் பொருந்தி வருகிறது. லத்தீனில் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி: ‘எர்ராரே’ என்றால் அலைவது, வழி விட்டுத் திரிவது. ஆங்கிலத்தின் ‘எரர்’ அதன் வழி வந்தது.

வேட்டையும் போரும் அறிந்த மக்கள் எல்லோருக்கும் குறி விலகுவது கண்முன் நடக்கும் தோல்வி. மனதுக்குள் நடக்கும் தோல்வியைச் சொல்ல அதையே எடுத்துக்கொண்டார்கள் என்று தோன்றுகிறது. இதை நிரூபிக்க முடியாது. ஆனால் இத்தனை மொழிகள் ஒரே பக்கம் போவதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

தமிழில் குறி விலகும் சொற்களுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கூட்டம் இருக்கிறது: வழுக்கி விழும் சொற்கள். வழு, இழுக்கு, பிசகு, சறுக்கல், இடறல். ‘வழு’வும் ‘வழுக்கு’வும் நெருங்கிய உறவு. ‘இழுக்கு’ என்றால் இன்று மானக்கேடு. ‘இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே ஒழுக்கம் உடையார்வாய்ச் சொல்’ என்ற குறளில் இழுக்கல் என்பது வெறும் சேற்றுநிலம்: வழுக்கும் இடத்தில் ஊன்றுகோல் போல ஒழுக்கமுடையவர் சொல் உதவும். ஒழுக்கத்துக்கு எதிர்ச்சொல்லாக வள்ளுவர் ‘இழுக்கம்’ என்று வைப்பதும் இதனால்தான். ஒழுகுவது நேராக நடப்பது, இழுக்குவது சறுக்குவது. நாக்குக்கு இது இன்னும் பொருத்தம். ‘சோகாப்பர் சொல்லிழுக்குப் பட்டு’ என்கிறார் ஓரிடத்தில். ‘வழுக்கியும் வாயாற் சொலல்’ என்கிறார் மற்றோரிடத்தில். நாம் ‘வாய் தவறி வந்துவிட்டது’ என்கிறோம். பிசகு மூட்டுக்குரியது: கால் பிசகிவிட்டது, அச்சுப் பிசகாமல் செய்திருக்கிறான்.

இந்தக் கூட்டத்தில் ‘வழு’வை இலக்கணக்காரர்கள் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி எழுதிய நன்னூல் வழுவை ஏழாகச் சொல்கிறது: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு ஆகியவை மயங்கினால் வழு. ‘அவன் வந்தாள்’ என்றால் பால் வழு. ‘நேற்று வருவான்’ என்றால் கால வழு. இதோடு நின்றிருந்தால் மற்ற மொழி இலக்கணங்களைப் போல இதுவும் ஒரு தண்டனைப் பட்டியலாக இருந்திருக்கும். வழுவுக்கு அடுத்த படியாக ‘வழுவமைதி’ என்று ஒன்றை வைத்தார்கள். விதிப்படி வழுதான், ஆனால் காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்கிறோம் என்று பொருள். தொல்காப்பியத்தின் கிளவியாக்கத்திலேயே இந்தப் போக்கு இருக்கிறது. பசுவைப் பார்த்து மகிழ்ச்சியில் ‘என் அம்மை வந்தாள்’ என்பது உவப்பினால் வந்த திணை வழுவமைதி. உள்ளே இருந்துகொண்டே ‘இதோ வந்துட்டேன்’ என்கிறோமே, அது விரைவினால் வந்த கால வழுவமைதி. இன்னும் வரவில்லை, ஆனாலும் இறந்தகாலம். பேசுகிறவர் மனநிலையை இலக்கணக் காரணமாக ஒப்புக்கொண்ட அந்த ஆசிரியர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

குற்றம் மட்டும் இந்த வரிசைகளில் சேராது. அதில் விலகலும் இல்லை, வழுக்கலும் இல்லை. ஒருவர் மேல் சுமத்தக்கூடியதாக, ஒன்றில் படிந்த மாசாக அது நிற்கிறது. சட்டம் ‘குற்றவாளி’ என்கிறது. தப்பாளி, பிழையாளி என்று யாருமில்லை. நக்கீரர் சொன்னதாக எல்லோருக்கும் தெரிந்த ‘நெற்றிக்கண் திறப்பினும் குற்றம் குற்றமே’ என்ற வாசகத்தில் ‘பிழை பிழையே’ என்று மாற்றிப் பாருங்கள், பாதிச் சூடு போய்விடும்.

இப்போது தெரிந்து செய்வது, தெரியாமல் செய்வது என்ற கேள்வி. ஒரு பழைய திரைப்பாட்டு இந்த வேறுபாட்டை வீடுவீடாகக் கொண்டுசேர்த்துவிட்டது. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அகராதியும் இலக்கியமும் அதற்குத் துணை நிற்கவில்லை. குறளின் காமத்துப்பாலில் ‘தவறு’ பல இடங்களில் வருகிறது. ‘அஞ்சாதே, பிரியமாட்டேன்’ என்று சொல்லிவிட்டு அவன் பிரிந்தால் ‘தெளித்தசொல் தேறியார்க்கு உண்டோ தவறு’ என்று கேட்கிறாள் தலைவி: தேற்றிய சொல்லை நம்பியவர் மேலா தவறு? அவன் தெரிந்தேதான் பிரிந்தான். ‘காணுங்கால் காணேன் தவறாய காணாக்கால் காணேன் தவறல் லவை’ என்ற குறளிலும் அவன் தவறுகள் கை தவறி நடந்தவை அல்ல. எதிரில் இருக்கும்போது அவை அவள் கண்ணில் படுவதில்லை. போனபின் அவை தவிர வேறெதுவும் படுவதில்லை.

மறுபக்கம், தப்பு எல்லாம் தெரிந்தே செய்வதா? ‘தப்பா எடுத்துக்காதீங்க’ என்று நாம் சொல்வது எதிரில் இருப்பவரை வேண்டுமென்றே குற்றம் செய்யாதீர் என்று எச்சரிப்பதற்கா? ‘கூட்டல் தப்பு’ என்றால் சதி என்று யாரும் நினைப்பதில்லை. உண்மையான வேறுபாடு நடையில்தான் இருக்கிறது: பேச்சில் தப்பு, எழுத்தில் தவறு. வாய்ப்பேச்சில் ‘சரியா தப்பா’ என்று கேட்கும் அதே ஆசிரியர் வினாத்தாளில் ‘சரியா தவறா’ என்று அச்சிடுகிறார்.

ஆனாலும் அந்தப் பாட்டை முழுதாகத் தள்ளிவிடவும் முடியாது. மக்கள் காதில் தவறு சற்று இலேசாகவும் தப்பு சற்றுக் கனமாகவும் ஒலிப்பது மெய்தான். கை தவறி, வாய் தவறி, கால் தவறி என்று ‘தவறு’வின் வினை இன்றும் நழுவலோடு ஒட்டிக்கொண்டு நடமாடுகிறது, அதன் மென்மை பெயர்ச்சொல் மேலும் படிகிறது. தப்பின் வினையோ தப்பிப்பதற்குப் போய்விட்டதால், பெயர் அந்த மென்மை இல்லாமல் தனியே நிற்கிறது. ‘தப்புத் தண்டா’ போன்ற சேர்க்கைகள் அதற்குக் கனம் கூட்டிவிட்டன. பாட்டெழுதியவர் காதால் கேட்டது சரி. அதை விதியாக எடுத்துக்கொண்டதுதான் நம் தப்பு.

அடிக்கிற தப்பு, அதாவது பறை இனத்தைச் சேர்ந்த தப்பு, இந்தக் கதையில் சேராது. ஒலி ஒன்றாக இருக்கிறதே தவிர அது வேறு சொல்.

எந்தச் சொல்லை எங்கே எழுதுவது என்று கேட்டால்: ஈழத்தமிழில் ‘பிழை’தான் பேச்சுச்சொல், ‘நான் பிழை விட்டிட்டன்’, ‘பிழையா விளங்காதேங்கோ’ என்பது சாதாரணப் பேச்சு. தமிழ்நாட்டில் அதே சொல் அச்சுக்கூடத்துக்கும் வகுப்பறைக்கும் போய்விட்டது: அச்சுப்பிழை, எழுத்துப்பிழை, சந்திப்பிழை. கணினித் தமிழாக்கம் செய்தவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். திரையில் வரும் ‘எரர்’ செய்திக்குப் பிழை என்றும், நிரலுக்குள் ஒளிந்திருக்கும் ‘பக்’குக்கு வழு என்றும் பிரித்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் அது பூச்சி. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 கணினியின் ரிலேயில் சிக்கிய ஓர் அந்துப்பூச்சியைப் பதிவேட்டில் ஒட்டிவைத்தது உண்மை. ஆனால் சொல் அந்தப் பூச்சியிலிருந்து பிறக்கவில்லை; எடிசன் 1878-லேயே தன் கருவிகளின் கோளாறுகளுக்கு அந்தச் சொல்லைக் கடிதத்தில் பயன்படுத்திவிட்டார். பூச்சியை அப்படியே மொழிபெயர்க்காமல், ஒழுங்காக ஓடும் ஒன்று ஓரிடத்தில் வழுக்குவதைச் சொல்லும் பழஞ்சொல்லை எடுத்துக்கொண்டது நல்ல தேர்வு.

‘தப்பு’ கொச்சை, எழுத்தில் வரக்கூடாது என்று சிவப்பு மையால் அடிக்கும் பழக்கத்துக்கு மட்டும் எந்த அடிப்படையும் இல்லை. கட்டுரையில் நடை கருதித் தவறு என்று எழுதலாம். உரையாடலையும் கதையையும் எழுதுகிறவர்கள் தப்பு என்றே தாராளமாக எழுதலாம். மன்னிப்புக் கடிதத்தில் ‘பிழைத்தேன்’ என்று சுருக்கிவிடாதீர்கள். வாங்கிப் படிப்பவர், உங்களுக்கு உடம்பு தேறிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.